கிரீஸ் தடவி முக்கி வச்ச கப்பல்ல நாலு நாள்

(சில வருஷத்துக்கு முன்னாடி, தான்சானியாவுல தங்கனிகா ஏரில லியம்பா கப்பல் ஓடிட்டிருந்தப்போ எழுதுன குறிப்பு. கப்பல் ஓட்டம், கிழமை, டிக்கெட், ஜெட்டி எல்லாம் அன்னிக்கு இருந்த நிலவரம்.)

நாள் 1, செவ்வாய், கிகோமா

டார் எஸ் சலாம்ல ரயில் ஏறி ரெண்டு ராத்திரி உக்காந்தும் படுத்தும் உருண்டும் ஒருவழியா இன்னிக்கு கிகோமா வந்து சேர்ந்தாச்சு. கிட்டத்தட்ட 1,250 கிலோமீட்டர், மொத்தமும் மீட்டர் கேஜ், நம்ம பழைய ராமேஸ்வரம் வண்டி மாதிரியே ஆட்டம், தலைமுடி வரைக்கும் செம்மண்ணு. தண்டவாளம் இந்த ஊரோட முடியுது. ஸ்டேஷன விட்டு வெளிய வந்து சரிவுல கீழ பாத்தா தங்கனிகா ஏரி. ஏரின்னு சொல்லவே மனசு வரல, எதிர்ப்பக்கம் காங்கோ மலை மங்கலா ஒரு கோடு மாதிரி தெரியலன்னா கடல்னே நம்பிருப்பேன். வடக்க தெக்க 670 கிலோமீட்டருக்கு மேல நீளம், ஆழம் 1,470 மீட்டர், உலகத்துலயே ரெண்டாவது ஆழமான ஏரி. புருண்டி, தான்சானியா, காங்கோ, சாம்பியான்னு நாலு நாட்டுக்கு இதுல கரை இருக்கு.

நான் வந்தது ஏரிக்காக இல்ல, கப்பலுக்காக. பேரு லியம்பா. தண்ணில இறங்கி நூறு வருஷம் தாண்டிடுச்சு, இன்னும் ஆள் ஏத்திட்டு ஓடுது. கயிறு கட்டி கண்காட்சிக்கு வச்ச கப்பல் இல்லங்க, ரெண்டு வாரத்துக்கு ஒருக்க புதன்கிழமை சாயங்காலம் இங்கருந்து கிளம்பி ஏரியோட தெக்கு முனைல சாம்பியாவுல இருக்குற முபுலுங்கு வரைக்கும் போயிட்டு திரும்பி வர்ற கப்பல். டார்ல ஒரு ஏஜென்ட் "அது இப்ப ஓடலயே சார், ஃப்ளைட்ல போயிடுங்க"ன்னு அடிச்சு சொன்னாரு, நானும் பாதி நம்பிட்டேன், ரயில்ல கூட வந்தவங்க ஒருத்தர் மாத்தி ஒருத்தர் ஓடுது ஓடுதுன்னு சொன்னதாலதான் தைரியமா வந்தேன். மத்தியானம் துறைமுகத்துப் பக்கம் போனா நிக்குது. கத்தியால நறுக்கி விட்ட மாதிரி நேரா கீழ இறங்குற மூக்கு, இந்தக் காலத்து கப்பலுக்கு அப்படி மூக்கு கிடையாது. கேட்டுக்கு வெளிய ரொம்ப நேரம் நின்னு பாத்துட்டிருந்தேன்.

ஏன் இவ்ளோ தூரம்னு வீட்டுல கேட்டாங்க. எங்க ஊரு ராமேஸ்வரம் பக்கம். தாத்தா கொழும்புல கடை வச்சிருந்தவரு, தனுஷ்கோடி வரைக்கும் ரயிலு, அங்கருந்து தலைமன்னாருக்கு கப்பலு, இறங்குனா மறுபடி ரயிலு, எல்லாத்துக்கும் சேத்து ஒரே டிக்கெட்டுன்னு கதை கதையா சொல்வாரு. 1964 டிசம்பர் புயல்ல தனுஷ்கோடியே போச்சு, அப்புறம் ராமேஸ்வரத்துலருந்து ஓடுன கப்பலும் 1980கள்ல அங்க சண்டை வந்ததும் நின்னு போச்சு. ஒரு கப்பல் நின்னா ரெண்டு கரையிலயும் என்னென்ன நின்னு போகும்னு பாத்து வளந்தவன் நான், அதனால நிக்காம ஓடுற ஒண்ண ஒரு தடவையாவது ஏறி பாத்துடணும்னு ரொம்ப வருஷமா மனசுல கிடந்துச்சு.

இது இந்த ஏரிக்கு வந்த விதமே ஒரு கதை. 1913ல ஜெர்மனில பாப்பன்பர்க்ங்கிற ஊர்ல மேயர் கப்பல் பட்டறைல செஞ்சாங்க, அதே பட்டறைதான் இன்னிக்கு மாடி மாடியா பெரிய பெரிய சொகுசு கப்பல் கட்டுது. முழு கப்பலையும் போல்ட் போட்டு பூட்டி எல்லாம் சரியா பொருந்துதான்னு பாத்துட்டு, மறுபடி அக்கக்கா கழட்டி 5,000 மரப்பெட்டில அடைச்சு கடல் வழியா டார் எஸ் சலாம், அங்கருந்து நான் வந்த இதே ரயில் பாதைல கிகோமா. பாதை அப்பதான், 1914லதான், இங்க வந்து சேர்ந்திருந்துச்சு. ரயிலும் கப்பலும் ஒரே திட்டம், ஏரிய சுத்தி இருக்குற சரக்கையும் சனத்தையும் தங்க கைக்குள்ள கொண்டு வரணும்னு அன்னிக்கு இந்த நாட்ட ஆண்ட ஜெர்மன்காரங்க போட்டது. பெட்டிங்களோட பட்டறைக்காரங்க மூணு பேரும் வந்தாங்க, பூட்டி ஓட விட்டுட்டு ஊருக்கு போயிடலாம்னு. அதுக்குள்ள முதல் உலகப்போர் வந்துடுச்சு. 1915 பிப்ரவரி 5ஆம் தேதி கப்பல் தண்ணில இறங்குனப்போ அது பயணிகள் கப்பல் இல்ல, போர்க்கப்பல்.

அப்ப வச்ச பேரு கிராஃப் ஃபோன் கோட்ஸென். இந்த காலனிக்கு கவர்னரா இருந்தவரோட பேரு. அவரு காலத்துலதான் மாஜி மாஜி கலகம் நடந்துச்சு, 1905ல ஆரம்பிச்சது. மாஜின்னா ஸ்வாஹிலில தண்ணி, மந்திரிச்ச தண்ணி தெளிச்சுக்கிட்டா குண்டு தண்ணியா போயிடும்னு நம்பி ஈட்டியோட போய் மெஷின் கன் முன்னாடி நின்னாங்க. அத அடக்குறேன்னு வயக்காட்டையும் தானியத்தையும் எரிச்சதுல பஞ்சம் வந்து லட்சக்கணக்குல சனம் செத்துச்சு. இந்த கப்பல பத்தி ஆசை ஆசையா எழுதுறவங்க நிறைய பேரு இத சொல்றதில்ல. எனக்கும் இந்த கப்பல் மேல ஆசைதான், ஆனா அது எந்த பேரோட பொறந்துச்சுன்றத விட்டுட்டு எழுதுனா சரியா இருக்காது.

சாயங்காலம் உஜிஜி போனேன், பக்கத்துலதான். ஆப்பிரிக்காவுல சுத்திட்டு தகவலே இல்லாம போன ஆய்வுப் பயணி லிவிங்ஸ்டன, ஸ்டான்லிங்கிற பத்திரிகைக்காரர் 1871 நவம்பர்ல கண்டுபிடிச்ச இடம், மாமரமும் ஒரு நினைவுக்கல்லும் இருக்கு. அத விட கரைல மரப்படகு செதுக்கிட்டிருந்ததுதான் எனக்கு பிடிச்சுது, பலகை இடுக்குல பஞ்ச வச்சு உளியால தட்டி அடைக்குற சத்தம் கண்ண மூடிட்டு கேட்டா எங்க ஊர் கரை. நாளைக்கு டிக்கெட் வாங்கணும், தூங்குறேன்.

நாள் 2, புதன், கப்பல்ல

டிக்கெட் வாங்கியாச்சு. வெளிநாட்டுக்காரங்க டாலர்ல குடுக்கணும், ஃபர்ஸ்ட் கிளாஸ் ரெண்டு பேர் படுக்குற கேபினு சுமார் நூறு டாலர், உள்ளூர் சனத்துக்கு ஷில்லிங்ல ரொம்ப கம்மி. அது நியாயம்தான், இது அவங்க பஸ்ஸு.

துறைமுகத்துல காலைலருந்தே சரக்கு ஏத்துறாங்க. மெத்தை, பிளாஸ்டிக் பேசினு, சோடா கிரேட்டு, தகரம், சைக்கிள், சோள மாவு மூட்டை, ஒரு முழு சோஃபா செட்டு. முன்பக்கம் இருக்குற கிரேன் வலைய போட்டு அள்ளி தொட்டில இறக்குது, வலை ஆடுறப்போ கீழ நிக்குற ஆளுங்க விலகவே இல்ல, கைய நீட்டி பிடிச்சு நிறுத்துறாங்க. 71 மீட்டர் நீள கப்பல், 600 பேர் வரைக்கும் ஏத்தலாம். ஏறி முடிச்சப்போ கீழ்த்தளத்துல கால் வைக்க இடமில்ல, மூட்டை மேல ஆளு, ஆளு மடியில கோழி.

என் கேபின் சின்னது, ரெண்டு பெர்த்து, ஒரு வாஷ்பேசினு, ஒரு வட்ட ஜன்னலு. கதவுக்கு வெளிய இரும்பு சுவர்ல வரிசையா குமிழ் குமிழா ரிவெட்டு. கட்டைவிரல வச்சா சரியா அடங்குது. இப்பல்லாம் தகட்ட வெல்டிங் பண்ணிடுவாங்க, அப்ப பழுக்க காய்ச்சின ஆணிய ஓட்டைல விட்டு ஒரு பக்கம் தாங்கி பிடிச்சு மறுபக்கம் சுத்தியால அடிச்சு பூட்டுவாங்க, ஆறுனதும் அது இறுகி ரெண்டு தகட்டையும் கவ்விக்கும். நூறு வருஷமா பெயின்ட் மேல பெயின்ட் அடிச்சு அடிச்சு குமிழோட விளிம்பெல்லாம் மழுங்கி போயிருக்கு, ஒரு இடத்துல உரிஞ்சு கிடந்துச்சு, நகத்தால லேசா நீவுனா அடுக்கடுக்கா நாலஞ்சு கலரு தெரிஞ்சுது. எந்த கலரு எந்த முதலாளி அடிச்சதோ.

சாயங்காலம் ஹார்ன் அடிச்சு கிளம்புனப்போ முன்பக்கம் போய் நின்னேன். இந்த இடத்துலதான் ஒரு பீரங்கி இருந்துச்சு. நம்ம ஊர்ல கெட்டிக்காரன "எம்டன்"னு சொல்றோம் இல்லயா, 1914 செப்டம்பர் 22ஆம் தேதி ராத்திரி மெட்ராஸ் மேல குண்டு போட்டுட்டு போன ஜெர்மன் கப்பல் பேரு அது. அதே போர்ல இந்த பக்கம் சுத்திட்டிருந்த இன்னொரு ஜெர்மன் கப்பல் கோனிக்ஸ்பெர்க், ரூஃபிஜி ஆத்து முகத்துல ஆங்கிலேயர் மடக்கி 1915 ஜூலைல ஒழிச்சாங்க. அதோட 10.5 சென்டிமீட்டர் பீரங்கிங்கள ஜெர்மன்காரங்க விடல, கழட்டி கரையேத்தி நாடு பூரா இழுத்துட்டு போனாங்க, அதுல ஒண்ணு இங்க வந்து உக்காந்துச்சு. எம்டன்னு திட்டு வாங்கியே வளந்தவன் நான், அது கூட்டாளியோட பீரங்கி உக்காந்த இடத்துல நிக்குறேன்னு நினைச்சப்போ உடம்பு சிலிர்த்துச்சு.

இப்ப ராத்திரி பதினொண்ணு இருக்கும். டவர் இல்ல, எழுதி வச்சுட்டு கிடைக்குறப்போ போடுறேன். இப்ப நடந்தத எழுதாம தூங்க முடியாது. இந்த ஏரில கப்பல் அணைய ஜெட்டி இருக்குற ஊரு ரொம்ப கம்மி, நான் போற வழில கிகோமா, கசங்கா, முபுலுங்கு அவ்ளோதான். நடுவுல இருக்குற ஊருங்களுக்கு கப்பல் கரைக்கு போகாது, தள்ளி நின்னு ஹார்ன் அடிக்கும். அடிச்சதும் இருட்டுக்குள்ளருந்து படகு படகா வருது. கப்பல் பக்கவாட்டுல கீழ்த்தளத்துல ஒரு பெரிய கதவ திறந்து விளக்கு போடுறாங்க, அந்த வெளிச்சத்துக்குள்ள முப்பது படகாவது இருக்கும், ஒண்ண ஒண்ணு முட்டி, துடுப்பால தள்ளி, ஒரே கூச்சல். இறங்குறவங்க கதவு வழியா குதிக்குறாங்க, ஏறுறவங்கள ரெண்டு கைய பிடிச்சு தூக்குறாங்க. படகு அலைல மேல வர்ற அந்த ஒரு நொடிலதான் கால் எடுத்து வைக்கணும், தவறுனா நடுவுல தண்ணி.

ஒரு ஆயா, எழுபது இருக்கும், தலைல துணி மூட்டை. அவங்க பின்னாடி ஒரு பையன் தையல் மெஷினோட தலைய மட்டும் குழந்தைய தூக்குற மாதிரி நெஞ்சோட அணைச்சு வச்சிருக்கான். படகுல நிக்குறவங்க கீழருந்து கை நீட்டுறாங்க, ஆயா எறங்கல, மெஷின் முதல்லன்னு கைய காட்டுறாங்க. பையன் குனிஞ்சு நீட்டுறான், படகு இறங்கிடுச்சு, திரும்ப மேல வர்ற வரைக்கும் அவன் அப்படியே கை நடுங்க பிடிச்சுட்டு நிக்குறான், கீழ நாலு கை அத வாங்கி மடியில வச்சதுக்கப்புறம்தான் ஆயா இறங்குனாங்க. இறங்குனதும் முந்தானைய எடுத்து மெஷின தொடச்சாங்க. படகு இருட்டுக்குள்ள போயிடுச்சு. மொத்தம் ஒரு மணி நேரம்கூட நிக்கல, கதவ சாத்திட்டு கப்பல் கிளம்பிடுச்சு. அந்த ஊருக்கு ரோடு கிடையாதாம், அடுத்து ஹார்ன் கேக்க நாளாகும்.

நாள் 3, வியாழன், ஏரி நடுவுல

காலைல எழுந்தா இடது பக்கம் மஹாலே மலை பின்னாடி போயிட்டிருந்துச்சு, காட்டு சிம்பன்சிங்க இருக்குற மலை. தண்ணி கண்ணாடி மாதிரி. சாயா, சப்பாத்தி சாப்பிட்டேன். சப்பாத்திக்கு இங்கயும் அதே பேரு, சாயாவுக்கு சாய், எந்த காலத்துல யாரு கப்பல்ல கொண்டு வந்து விட்டாங்களோ.

பேரு சொல்றப்போ ஒண்ணு. இங்க வயசுல பெரிய பொம்பளைங்கள "மாமா"ன்னு கூப்பிடணும், மாமான்னா அம்மா. அண்ணன "காக்கா"ங்குறாங்க. கீழக்கரை, காயல்பட்டினம் பக்கம் நம்ம முஸ்லிம் வீடுகள்ல அண்ணன காக்கான்னுதான் கூப்பிடுவாங்க, கேட்டதும் சொந்த ஊருக்கு வந்த மாதிரி ஆயிடுச்சு. பெரியவங்கள பாத்தா "ஷிகாமூ"ன்னு வணக்கம் வைக்கணும், அவங்க "மரஹாபா"ன்னு ஏத்துக்குவாங்க. இத தெரிஞ்சு வச்சிருந்ததாலதான் இன்னிக்கு மெஷின் ரூமுக்கு போக முடிஞ்சுது. மெஷின் பக்கம் வேலை செய்யுற ஒரு பெரியவர் மேல வந்து காத்து வாங்கிட்டிருந்தாரு, ஷிகாமூன்னேன், சிரிச்சுட்டு மரஹாபான்னாரு, பேச்சு வளந்துச்சு, "வா காக்கா, கீழ வந்து பாரு"ன்னு கூட்டிட்டு போயிட்டாரு. நான் அவர முஸேன்னு கூப்பிட்டேன், பெரியவரேன்னு அர்த்தம்.

கீழ சூடும் சத்தமும் தாங்கல, டீசல் வாடை. பழைய நீராவி இன்ஜின் இப்ப இல்ல, 1970கள்ல எடுத்துட்டு டீசல் போட்டாங்க, அப்புறம் 1993ல டென்மார்க் உதவில மறுபடி ஒரு பெரிய வேலை பாத்தாங்க. முஸே ஒரு டப்பாலருந்து கிரீஸ விரல்ல வழிச்சு ஒரு தண்டு தலைப்புல பூசுனாரு, பூசிட்டு என் பக்கம் திரும்பி காதுல வாய வச்சு கத்துனாரு: "இதுதான் காக்கா இந்த கப்பல காப்பாத்துச்சு."

அவரு சொன்னதும் நான் ஏற்கனவே படிச்சு வச்சிருந்ததும் சேத்து சொல்றேன். 1915 கடைசில ஆங்கிலேயர் ரெண்டு மோட்டார் படகு கொண்டு வந்தாங்க, மிமி, டூடூன்னு பேரு, கேப் டவுன்லருந்து ரயில்லயும் மாட்ட கட்டியும் காட்டு வழியா இழுத்துட்டு. டிசம்பர் 26ஆம் தேதி ஜெர்மன்காரங்களோட கிங்கானிங்கிற சின்ன கப்பல பிடிச்சாங்க, பிப்ரவரில ஹெட்விக் ஃபோன் விஸ்மன்ங்கிற இன்னொண்ண முக்குனாங்க. இந்த பெரிய கப்பல் கிட்ட மட்டும் மோதல. ஆனா 1916 நடுவுல, அன்னிக்கு எதிர்க்கரை காங்கோவ ஆண்ட பெல்ஜியம்காரங்க விமானத்துலருந்து கிகோமா மேல குண்டு போட்டாங்க, தரையிலயும் நெருங்கிட்டாங்க, ரயில் பாதையும் கைய விட்டு போற நேரம். கப்பல எதிரி கைல குடுக்க கூடாது, முக்கிடுன்னு உத்தரவு.

முக்க சொன்னது அதே பட்டறைக்காரங்க மூணு பேர. பாப்பன்பர்க்ல தட்டி, பெட்டில அடைச்சு, இங்க திரும்ப பூட்டி ஓட விட்ட அதே கையி. வெடி வச்சிருந்தா அஞ்சு நிமிஷ வேலை. அவங்க அப்படி பண்ணல. இன்ஜின் பூரா கனமா கிரீஸ் பூசுனாங்க, தண்ணி உள்ள புகாதபடிக்கு ஒவ்வொரு பாகமா. அப்புறம் மண்ண ஏத்தி, மலகரசி ஆத்து முகத்துக்கிட்ட ஆழம் கம்மியான இடமா பாத்து 1916 ஜூலை 26ஆம் தேதி மெதுவா இறக்கி வச்சாங்க. நாம ஜெயிச்சு திரும்பி வருவோம், வந்து எடுத்துக்கலாம்னு நினைச்சிருப்பாங்க போல. ஆனா எனக்கு வேற ஒண்ணும் தோணுது, தான் செஞ்ச மெஷின தன் கையால கெடுக்க எந்த மெக்கானிக்குக்கும் மனசு வராது. எங்க ஊர்ல போட் இன்ஜின் மெக்கானிக் ஒருத்தர் இருந்தாரு, கடன்ல போட்ட பறிச்சிட்டு போக ஆளு வந்து நிக்குது, இவரு அதுக்கு ஆயில் மாத்திட்டிருக்காரு.

அவங்க திரும்பி வரல. போர்ல ஜெர்மனி தோத்துச்சு. பெல்ஜியம்காரங்க கப்பல தூக்குனாங்க, அது மறுபடி கிகோமாலயே முங்கி போச்சு. அப்புறம் இந்த நாடு ஆங்கிலேயர் கைக்கு வந்துச்சு, 1924 மார்ச் 16ஆம் தேதி அவங்க தூக்கி நிறுத்துனாங்க. முக்கி எட்டு வருஷம் கழிச்சு இன்ஜின திறந்து பாத்தா கிரீசுக்குள்ள பத்திரமா இருக்கு. சுத்தம் பண்ணி, பயணிகள் கப்பலா மாத்தி, 1927 மே 16ஆம் தேதி லியம்பாங்கிற புது பேரோட ஓட விட்டாங்க. 1867ல லிவிங்ஸ்டன் ஏரியோட தெக்கு பக்கத்துக்கு உள்ளூர் சனம் சொன்ன பேரா எழுதி வச்சது லியம்பா. கவர்னர் பேரு போயி ஏரி பேரு வந்துச்சு, அந்த ஒரு மாத்தம் எனக்கு ரொம்ப பிடிச்சிருக்கு.

அன்னிலருந்து முதலாளி மாறிட்டே இருக்காங்க. முதல்ல தங்கனிகா ரயில்வே, 1948ல கென்யா உகாண்டாவோட சேந்து கிழக்கு ஆப்பிரிக்க ரயில்வே, 1977ல அந்த மூணு நாட்டு கூட்டு உடைஞ்சதும் சொத்து பிரிச்சதுல தான்சானியா ரயில்வே பங்குக்கு வந்துச்சு, இப்ப ரயில்வேலருந்து பிரிச்சு கப்பலுக்குன்னே ஒரு அரசாங்க கம்பெனி. கப்பல் என்னமோ அதே தண்ணில அதே ஊரு ஊரா நின்னு ஹார்ன் அடிச்சுட்டுதான் இருக்கு. "சம்பள சீட்டுல பேரு மாறும், கிரீஸ் டப்பா மாறாது"ன்னாரு முஸே. சொல்லிட்டு சிரிக்கல, நிஜமாவே டப்பாவ எடுத்து அடுத்த தண்டுக்கு போயிட்டாரு.

மேல வந்தப்புறம் வேற ஒண்ணு சொன்னாரு. 1997ல காங்கோல மொபுட்டு ஆட்சி விழுந்தப்போ இங்க அகதியா இருந்தவங்கள ஐநா ஊருக்கு திருப்பி கொண்டு போய் விட்டது இந்த கப்பல்லதான், 75,000 பேருக்கு மேல. 2015 மே மாசம் புருண்டில கலவரம் வந்தப்போ சனம் எல்லைய தாண்டி ககுங்காங்கிற மீனவ கிராமத்துல வந்து குவிஞ்சுது. பின்னாடி செங்குத்தா மலை, முன்னாடி ஏரி, ரோடே கிடையாது. பல்லாயிரம் பேரு கரையிலயே கிடந்தாங்க, காலரா வந்துடுச்சு. இந்த கப்பல் போய் தடவைக்கு 600 பேரா கிகோமாவுக்கு ஏத்திட்டு வந்துச்சு, திரும்ப திரும்ப. கரைக்கு பக்கத்துல போக முடியாதில்ல, அங்கயும் படகுலதான் கொண்டு வந்து ஏத்தணும், நேத்து ராத்திரி நான் பாத்த அதே கதவு வழியா. "அன்னிக்கு யாரும் கத்தல காக்கா"ன்னாரு. "இவ்ளோ படகு, ஒரு சத்தம் இல்ல. அது வரைக்கும் அப்படி பாத்ததே இல்ல." அப்புறம் ரொம்ப நேரம் ரெண்டு பேரும் பேசல.

துருப்பு ஏத்தறதுக்கும் பீரங்கி சுமக்கறதுக்கும் இறக்கின இதே இரும்புல காலரா வந்த குழந்தைய மடியில வச்சுட்டு ஒரு அம்மா உக்காந்திருப்பாங்க, என் கேபின் கதவுக்கு வெளிய அந்த ரிவெட்டுல தலைய சாச்சிருப்பாங்க. அத நினைச்சுட்டு மத்தியானம் பூரா அங்கயே உக்காந்திருந்தேன்.

சாயங்காலம் டெக்குல ஒரு மாமா பக்கத்துல இடம் குடுத்தாங்க. கருவாட்டு யாவாரம். டகாங்குற பொடி மீனு, பாத்தா நம்ம நெத்திலி, மணல்ல காயவச்சு மூட்டை கட்டி தெக்க கொண்டு போறாங்க. ஏரிக்குள்ளயே வாழுற சாளை வகை, நிலா இல்லாத ராத்திரில விளக்கு காட்டுனா மேல வரும், வலை வச்சு அள்ளுவாங்க. ஒரு மீன எடுத்து தலைய கிள்ளி என் கைல குடுத்தாங்க, கடிச்சா உப்பு கம்மி, கசப்பு கொஞ்சம், மத்தபடி பாட்டி வீட்டு வாசல். நல்ல தண்ணி மீன்ல இப்படி ஒரு வாசம் வரும்னு நினைக்கல. அவங்க இருபது வருஷத்துக்கு மேல இந்த கப்பல்ல போய் வர்றாங்க, முதல் பொண்ண பள்ளிக்கூடத்துல சேத்ததும் இந்த காசுலதானாம். நடுவுல கப்பல் ரிப்பேர்ல நிக்குற மாசத்துல என்ன பண்ணுவீங்கன்னு கேட்டேன். மரப்படகுல போவோம், காத்து அடிச்சா மூட்டைய தண்ணில தள்ளுவோம், அப்புறமும் அடிச்சா சாமிய கும்பிடுவோம்னாங்க.

இருட்டுனதும் ஏரி பூரா விளக்கு. முன்னாடி பெட்ரோமாக்ஸ் கட்டுவாங்களாம், இப்ப நிறைய பேரு பேட்டரி விளக்கு. நடுவுல கப்பல் போறப்போ ரெண்டு பக்கமும் ஒரு ஊரு தெரு விளக்கு போட்ட மாதிரி இருந்துச்சு. கரேமா, கிபிலின்னு ஊரு வந்துட்டே இருந்துச்சு, ஹார்னு, கதவு, படகு, கூச்சல். ஒவ்வொண்ணுக்கும் எழுந்து போய் பாத்தேன்.

நாள் 4, வெள்ளி, முபுலுங்கு

விடியக்காலைல கசங்கா. ஜெர்மன்காரங்க காலத்துல பிஸ்மார்க்பர்க்னு பேரு வச்சிருந்தாங்க, அந்த பேரும் போயிடுச்சு. ஜெட்டி இருக்குறதால அவசரம் இல்லாம சனம் நடந்து இறங்குச்சு, ரெண்டு ராத்திரி அந்த கதவ பாத்தப்புறம் பலகை போட்டு நடந்து இறங்குறத பாக்க எவ்ளோ நிம்மதியா இருக்குன்னு சொல்ல தெரியல. ஒரு ஜெட்டி, அவ்ளோதான் வேணும் இந்த ஊருங்களுக்கு. நூறு வருஷத்துல எத்தன அரசாங்கம் மாறிச்சு, ஊருக்கு ஒரு ஜெட்டி கட்ட யாருக்கும் கை வரலயேன்னு கோவம்தான் வருது.

அங்கருந்து கொஞ்ச நேரம்தான், முபுலுங்கு வந்தாச்சு, சாம்பியாவுல வெளிநாட்டு கப்பல் வர்ற ஒரே துறைமுகம். இமிக்ரேஷன்காரங்க கப்பலுக்குள்ளயே வந்து சாப்பாட்டு ரூம்ல மேசை போட்டு உக்காந்துட்டாங்க, விசா, சீல், முடிஞ்சுது. மாமாவோட மூட்டைங்கள கிரேன் தூக்கி வெளிய வைக்குது, அவங்க கீழ நின்னு விரல் விட்டு எண்ணுறாங்க, பதினாலு. சரியா இருக்குன்னு தலைய ஆட்டிட்டு என்ன பாத்து கை காட்டுனாங்க. இதெல்லாம் காங்கோ பக்கமும் சுரங்க ஊருங்க பக்கமும் லாரில போகுமாம்.

இறங்குறதுக்கு முன்னாடி முஸேவ தேடி போனேன், தூங்கிட்டிருக்காருன்னாங்க, ராத்திரி முழுக்க கீழ இருந்திருக்காரு, எழுப்பல. என் சட்டை கைல நேத்து ஒட்டுன கிரீஸ் ஒரு கோடு இருக்கு, இங்க ஒரு விடுதில ரூம் எடுத்து சோப்பு போட்டு தேச்சேன், போகல, அப்படியே மடிச்சு வச்சுட்டேன்.

சாயங்காலம் கப்பல் திரும்ப வடக்க கிளம்புது. போறப்போ அந்த தையல் மெஷின் ஆயா ஊருக்கு வெளிய மறுபடி நின்னு ஹார்ன் அடிக்கும். நான் நாளைக்கு லுசாகா பஸ் பிடிக்கணும், ஆனா இப்ப மணி மூணு, ஜெட்டிக்கு போறேன், அது கிளம்புறத பாத்துட்டு வந்துடுறேன்.